மரச்செக்கு எண்ணெய் விற்பனை நகரவில்லையா? விளம்பரத்துக்கு முன் சோதிக்க வேண்டியவை

சிறு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எந்த விளம்பரம் கொடுத்தால் விற்கும்?" பில் புத்தகத்தை வாங்கிப் புரட்டினால் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். யார் வாங்குகிறார்கள் என்று தெரியாது. ஒரு லிட்டரில் என்ன மிஞ்சுகிறது என்று தெரியாது. வாங்கியவர் ஏன் திரும்ப வரவில்லை என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த மூன்றும் தெரியாமல் எழுதும் மார்க்கெட்டிங் திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பணத்தைத்தான் தின்னும்.

காங்கேயம், ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மசாலாப் பொடி, தின்பண்டம், சிறுதானிய மாவு விற்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். உங்களிடம் தென்படும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் சரிசெய்யச் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் மூன்று பொருள்களை மேசையில் வையுங்கள்: கடைசி மூன்று மாத பில் புத்தகம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் கைபேசி, ஒரு தராசு.

## அறிகுறி 1: "யாருக்கு விற்கிறீர்கள்?" என்றால் "எல்லோருக்கும்" என்று பதில் வருகிறது

முதல் சோதனை, பில் புத்தகம். ஒவ்வொரு பில்லுக்கும் நேராக நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: யார், எந்தப் பகுதி, எந்த எண்ணெய் எவ்வளவு, உங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டார். நினைவில் இல்லாதவற்றைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்பினால் சோதனையே பாழாகும்.

*பில்லே இல்லையென்றால்:* இன்றிலிருந்து ஒரு மாதம் எழுதுங்கள். அதுவரை விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

*சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால்:* அவர்கள்தான் உங்கள் சந்தை. அவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் வாங்குவது கைக்குழந்தை இருக்கும் வீடுகளா? நல்லெண்ணெய் போவது மாங்காய் வரும் சித்திரை, வைகாசியில் ஊறுகாய் போடுபவர்களுக்கா, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கா, இட்லிப் பொடிக்கா? விளக்கேற்ற மட்டும் கேட்பவர் எத்தனை பேர்? கடைசியில் சொன்னவருக்கு விலைதான் முதல் கேள்வி. உங்கள் கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெயை அவரிடம் விற்க முயல்வது வீண் உழைப்பு.

*பெயர்கள் சிதறிக் கிடந்து எதுவும் திரும்ப வரவில்லையென்றால்:* அறிகுறி 5-க்குப் போங்கள். உங்கள் கோளாறு அங்கே இருக்கிறது.

இரண்டாவது சோதனை, பத்துப் பேரிடம் பேசுவது. "எங்கள் எண்ணெய் எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேராக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: "எங்களிடம் வாங்குவதற்கு முன் என்ன எண்ணெய் வாங்கினீர்கள்? போன முறை எண்ணெய் தீர்ந்தபோது எங்கே போய் வாங்கினீர்கள்?" நடந்ததைக் கேட்டால் உண்மை வரும், கருத்தைக் கேட்டால் மரியாதைதான் வரும். ஒருவர், "தீர்ந்த அன்று பக்கத்து மளிகைக் கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்கிவிட்டேன்" என்றால், உங்கள் போட்டியாளர் இன்னொரு செக்குக்காரர் அல்லர். அந்த மளிகைக் கடையின் தூரம்தான். திட்டம் முழுவதும் அந்த ஒரு பதிலால் மாறக்கூடும்.

வெளியாளை அழைக்கும் கட்டம் இந்த அறிகுறிக்குக் கிடையாது. இந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தால் பதில்கள் மட்டும் உங்களுக்கு வந்து சேரும். சொன்னவரின் முகம் வராது.

## அறிகுறி 2: விளம்பரம் கொடுத்தும் விசாரணையே வரவில்லை

அ. அழைப்பு உங்களை வந்து சேர்கிறதா? வேறொரு கைபேசியிலிருந்து நோட்டீசில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். காலையில் ஒரு முறை, செக்கு ஓடும் நேரத்தில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை. செக்குச் சத்தத்தில் மணி கேட்காத இடம் நிறைய உண்டு. மாலையில் கைபேசி பள்ளிப் பிள்ளையின் கையில் இருக்கும் வீடும் உண்டு.

ஆ. தேடினால் கிடைக்கிறீர்களா? கூகுள் வரைபடத்தில் உங்கள் ஊர்ப் பெயரோடு "மரச்செக்கு எண்ணெய்" என்று தேடுங்கள். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடிப் பாருங்கள். உங்கள் பெயர் வரவில்லையென்றாலோ, குறி அடுத்த தெருவில் விழுந்திருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

இ. விளம்பரம் என்ன சொல்கிறது? "சுத்தமான, பாரம்பரியமான, ஆரோக்கியமான" என்ற மூன்று சொற்கள் எல்லாச் செக்கு எண்ணெய் விளம்பரத்திலும் இருக்கின்றன. அவற்றை அடித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விலை, அளவு, எங்கே கிடைக்கும், எந்தக் கிழமை ஆட்டுகிறீர்கள், வீட்டுக்கு வந்து கொடுப்பீர்களா என்பவை இருக்க வேண்டும். "செவ்வாயும் வெள்ளியும் கடலை ஆட்டுகிறோம், நேரில் வந்து பார்த்து வாங்கலாம்" என்ற வரி பத்துப் புகழ்ச்சொல்லைவிட அதிகம் அழைப்பு கொண்டுவரும்.

ஈ. யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ பதிவுக்குப் பணம் கட்டியிருந்தால், எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு சுற்றளவுக்குக் கட்டினீர்கள் என்று பாருங்கள். விருப்பக்குறி சேர்க்கும் நோக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் விருப்பக்குறிதான் சேரும். ஈரோட்டுக் கடைக்கு மாநிலம் முழுவதையும் தேர்ந்தெடுத்திருந்தால், வாங்க வரவே முடியாதவர்களுக்குக் காட்டப் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

உ. சொல்லக் கூடாததைச் சொல்லியிருக்கிறீர்களா? "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்", "மாரடைப்பு வராது" என்ற வகை வரிகள் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருள் விளம்பரங்களுக்கு 2018-இல் வந்த தனி ஒழுங்குமுறையும் இருக்கிறது. இது வெறும் சட்டச் சிக்கல் மட்டுமன்று. அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் ஒரு பெரியவர் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கக்கூடும்.

*வெளியாளை அழைக்கும் கட்டம்:* அ முதல் உ வரை எல்லாம் சரி, நான்கு வாரம் கழித்தும் அழைப்பு இல்லையென்றால், விளம்பரத் துறையில் அனுபவமுள்ளவரிடம் போங்கள். அரசுத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். பதில் எழுதும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

## அறிகுறி 3: விலையைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது

உடனே தள்ளுபடி அறிவித்துவிடாதீர்கள். குறைத்த விலையைத் திரும்ப ஏற்றுவது மிகவும் கடினம்.

முதல் காரணம்: விலையைத் தனியாகச் சொல்லியிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் "விலை என்ன?" என்று கேட்டவருக்கு ஓர் எண்ணை மட்டும் அனுப்பினால், அவர் அதை ரீஃபைண்டு பாக்கெட்டோடுதான் ஒப்பிடுவார். வேறு எதனோடு ஒப்பிடுவது என்று நீங்கள் சொல்லவில்லையே. பழைய உரையாடல்களை எடுத்துப் பாருங்கள். விலைக்குப் பிறகு அமைதியான உரையாடல்களில் நீங்கள் அனுப்பிய பதில் எப்படி இருக்கிறது? மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு தேவை. அன்றைய பருப்பு விலை வாங்குபவருக்கும் தெரியும். "இவ்வளவு பருப்பு போகிறது, அதனால் இந்த விலை" என்று ஒரு வரி சேர்த்தால் அவரே மனக்கணக்குப் போட்டுப் பார்ப்பார். சந்தையில் அவ்வளவு பருப்பு விற்கும் விலைக்கும் கீழே எண்ணெய் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் அவருக்கே புரிந்துவிடும்.

இரண்டாவது: லிட்டரும் கிலோவும் கலந்திருக்கும். இங்கேதான் தராசு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் எடை இருக்கும். நீங்கள் கிலோவுக்கு விலை சொல்லி, எதிர்க்கடை லிட்டருக்குச் சொன்னால், எடைக்கு எடை ஒரே விலை வைத்திருந்தாலும் நீங்கள் பத்து விழுக்காடு அளவுக்கு அதிகம் கேட்பதாகத் தெரியும். போட்டியாளர் பாட்டில் ஒன்றை வாங்கி, எண்ணெயைக் காலிப் பாத்திரத்தில் ஊற்றி எடை போடுங்கள். இரண்டு விலையையும் 100 கிராமுக்கு மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். "அவர்கள் மலிவு" என்ற பேச்சு இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடுவதுண்டு. அல்லது அவர்கள் உண்மையாகவே மலிவு என்று தெரியும். இரண்டில் எது தெரிந்தாலும் நல்லது.

மூன்றாவது: சிறிய அளவு இல்லை. புதியவர் ஒருவர் முதல் முறையே ஒரு லிட்டர் வாங்கத் தயங்குவது நியாயம். 200 மில்லி பாட்டில் வைத்துப் பாருங்கள். அதில் லாபம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, நட்டம் கூடாது.

நான்காவது: உங்கள் விலை உங்களுக்கே கட்டுப்படியாகவில்லை, அது தெரியாமல் தடுமாறுகிறீர்கள். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 4: விற்பனை ஏறுகிறது, கையில் பணம் நிற்கவில்லை

இது ஆபத்தான அறிகுறி. எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருக்கும் நேரத்தில் வருவதால் கண்ணில் படுவதில்லை. இந்த நிலையில் விளம்பரத்தைக் கூட்டினால் நட்டமும் அதே வேகத்தில் கூடும்.

சோதனை ஒன்றுதான்: ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் கணக்கை ஒரே தாளில் எழுதுவது. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

- பருப்பு 2.4 கிலோ, கிலோ 120 ரூபாய்: 288
- ஆட்டுகூலி, மின்சாரம்: 30
- பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி: 20
- மொத்தம்: 338
- புண்ணாக்கு 1.35 கிலோ, கிலோ 40 ரூபாய்க்கு விற்றது: 54 கழிக்கவும்
- அடக்கம்: 284 ரூபாய்

லேபிளில் விலை 360 என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் சமையல் எண்ணெய்க்கான 5 விழுக்காடு வரி அந்த 360-க்குள்ளேயே இருக்கிறது. வரி போக உங்களுக்கு வருவது 343. செக்கடியில் விற்றால் 59 ரூபாய் நிற்கும்.

*மளிகைக் கடைக்குக் கொடுத்தால்:* கடைக்காரருக்கு 310-க்குக் கொடுக்கிறீர்கள். வரி போக 295. நிற்பது 11 ரூபாய். அதுவும் அவர் முப்பது நாள் கழித்துக் கொடுத்தால், அந்த ஒரு மாதத்துக்கு அடுத்த மூட்டைப் பருப்பை உங்கள் கைப்பணத்தில்தான் வாங்க வேண்டும்.

*கூரியரில் "டெலிவரி இலவசம்" என்று அனுப்பினால்:* கூரியர் 60 ரூபாய் ஆனாலே 59 ரூபாய் போய், மேலே ஒரு ரூபாய் நட்டம். உடைந்த பாட்டில், திரும்பி வந்த பெட்டி இதில் சேரவில்லை.

*புண்ணாக்கு விற்காமல் கிடந்தால்:* அந்த 54 ரூபாயும் இல்லை. செக்கடி விற்பனையே 5 ரூபாயில் நிற்கும். புண்ணாக்குக்கு மாடு வளர்ப்பவர் ஒருவரை நிலையாகப் பிடித்து வைப்பதும் மார்க்கெட்டிங் திட்டத்தின் பகுதிதான். திட்டம் எழுதும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வாங்கும் பொருளுக்கு நீங்கள் கட்டிய வரியையும், வீட்டார் உழைப்புக்கான சம்பளத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவதை நீங்கள் கட்டாயம் சேருங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து பருப்புப் புடைக்கும் அம்மாவின் உழைப்பைப் பூச்சியமாக எழுதி வந்த லாபம் லாபமன்று.

இந்தத் தாள் தயாரான பிறகுதான் விளம்பரச் செலவுக்கு வரம்பு கிடைக்கும். ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க நீங்கள் செலவிடக்கூடியது, அவர் வாங்கும் எல்லா லிட்டரிலும் நிற்கும் தொகைக்குள் அடங்க வேண்டும். செக்கடியில் 59 ரூபாய் நிற்கும் எண்ணெய்க்கு, ஒரே முறை வாங்கிவிட்டுப் போகும் ஆளைப் பிடிக்க 100 ரூபாய் செலவழித்தால் கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது.

*வெளியாளை அழைக்கும் கட்டம்:* ஆண்டு விற்றுமுதல் ஜிஎஸ்டி பதிவு வரம்பான 40 லட்சத்தை நெருங்கும்போதும், வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும் முன்னும் ஆடிட்டரைப் பாருங்கள். பெங்களூருக்கு அனுப்பும் முதல் பெட்டிக்கே ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். அங்கே 40 லட்ச வரம்பு உதவாது.

## அறிகுறி 5: முதல் பாட்டில் போகிறது, இரண்டாவது கேட்டு வருவதில்லை

முதல் காரணம்: யாரும் நினைவூட்டவில்லை. ஒரு வீட்டில் ஒரு லிட்டர் எத்தனை நாள் வருகிறது என்று பத்து வீட்டில் கேட்டு, அந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு ஒரு செய்தி அனுப்புங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பட்டியலில் 200 பேர் இருந்தும் இருபது பேருக்குத்தான் போகிறது என்ற நிலை சாதாரணம். முதல் பாட்டிலைக் கையில் கொடுக்கும்போதே, "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள் அக்கா, ஆட்டும் நாளைச் சொல்கிறோம்" என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது: எண்ணெயைப் பயன்படுத்தத் தெரியவில்லை. வடிகட்டிய பாக்கெட் எண்ணெயில் பழகியவர், செக்கு எண்ணெய் வடைச்சட்டியில் நுரைப்பதையும் அடியில் கசடு தங்குவதையும் பார்த்துக் கலப்படம் என்று நினைத்துவிடுவார். இது இயல்புதான் என்று லேபிளின் பின்புறம் இரண்டு வரி போதும்.

மூன்றாவது: எண்ணெயிலேயே குறை. ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் இரண்டு சிறு பாட்டில் எடுத்து, தேதி ஒட்டி, நிழலில் ஒன்றும் சன்னல் வெளிச்சத்தில் ஒன்றுமாக வையுங்கள். மாதம் ஒரு முறை திறந்து முகருங்கள். சன்னல் பாட்டில் மட்டும் காறல் வாடை அடித்தால் குறை பாட்டிலிலும் கடை அலமாரியிலும் இருக்கிறது. இரண்டுமே அடித்தால் பருப்பு சரியாகக் காயாததா, எண்ணெய் தெளியும் முன் அடைத்ததா என்று பாருங்கள். இதற்கு எந்த விளம்பரமும் மருந்தாகாது.

*வெளியாளை அழைக்கும் கட்டம்:* நிழல் பாட்டிலும் காறினால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. எண்ணெய் கெட்டதைக் காட்டும் பெராக்சைடு அளவு, தனிக் கொழுப்பு அமிலத்தின் (free fatty acid) அளவு ஆகிய இரண்டையும் கேளுங்கள்.

## அறிகுறி 6: லேபிள் அச்சான பிறகு பெயரில் சிக்கல்

வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கக் கட்டணமில்லை. பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்; பதிவு கிடைத்தால் பத்து ஆண்டு செல்லும். ஊர்ப் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ மட்டும் வைத்திருந்தால், அதே பெயர் இன்னும் பலரிடம் இருக்க வாய்ப்பு அதிகம்.

பெயரோடு லேபிளையும் அச்சுக்கு முன் சரிபாருங்கள்: உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தேதிகள், புகார் எண். ஆட்சேபணைக் கடிதம் வந்தால் வர்த்தக முத்திரை வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

## அறிகுறி 7: திட்டம் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கம் தாண்டவில்லை

கடனுக்காக வங்கியில் கொடுத்த திட்ட அறிக்கையைத் தூசு தட்டி மார்க்கெட்டிங் திட்டமாக்கப் பலர் முயல்கிறார்கள். அதில் "சந்தையில் நல்ல தேவை உள்ளது" என்ற வரி இருக்கும். யாருக்குத் தேவை, எந்தத் தெருவில், மாதம் எத்தனை லிட்டர் என்று இருக்காது. அந்த அறிக்கையை ஓரமாக வையுங்கள்.

மேலே சொன்ன சோதனைகளை முடித்திருந்தால் திட்டம் பாதி எழுதியாயிற்று. யார் வாங்குகிறார்கள் என்பது அறிகுறி 1-இல் கிடைத்தது. எந்த வழியில் விற்றால் எவ்வளவு நிற்கும் என்பது 4-இல். ஏன் திரும்ப வருகிறார்கள் என்பது 5-இல். இவற்றோடு அடுத்த ஆறு மாதத்துக்கு ஓர் இலக்கை எழுதுங்கள்: "பெருந்துறைச் சாலையில் திரும்ப வாங்கும் வீடு நாற்பது" என்பது போல, எண்ணிப் பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். எழுத முடியாமல் நிற்கும் இடம் எதுவோ, அந்தச் சோதனையை இன்னும் செய்யவில்லை என்று பொருள். அங்கே திரும்பிப் போங்கள்.

*வெளியாளை அழைக்கும் கட்டம்:* அடிப்படைப் பயிற்சி வேண்டுமானால் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். சென்னையில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் பயிற்சிகள் நடத்துகிறது. விளம்பர நிறுவனத்தை அமர்த்துவதென்றால், ஒரு லிட்டர் கணக்குத் தாளையும் வாடிக்கையாளர் குறிப்பையும் முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள். அவற்றைப் பார்க்காமல் "மாதம் இத்தனை பதிவு போடுகிறோம்" என்று விலை சொல்பவரை விட்டுவிடலாம்.

ஃபேஸ்புக் பக்கம், விளம்பரக் கணக்கு, கூகுள் பதிவு, இணையதளப் பெயர் ஆகிய நான்கும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் தொடங்கப்பட வேண்டும். விளம்பர நிறுவனத்துக்கு இயக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். ஒப்பந்தம் முறிந்த பிறகு சொந்தக் கடையின் பக்கத்துக்குள் நுழைய முடியாமல் தவிக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். முன்பணம் கொடுக்கும் நாளிலேயே இந்த நான்கையும் உங்கள் கைபேசியில் திறந்து பார்த்துவிடுங்கள்.